தாலி கட்டிய நேரத்தில் விளக்கு அணையவில்லை

அன்புள்ள கதிர்,

நீ வாட்சப்பில் அனுப்பிய கல்யாண நிகழ்ச்சி நிரலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். மேளம், மாலை மாற்றுவது, சாப்பாடு, கேக் வெட்டுவது எல்லாம் சரி. நடுவில் ஒரு வரிதான் எனக்கு இடித்தது. ‘மணமக்கள் சந்தித்த கதை: கோயில் அன்னதானத் தொண்டில் இருவரும் அறிமுகமானார்கள், பெரியோர்கள் பேசி முடித்தார்கள்.’ உடனே உனக்கு ஃபோன் போட்டேன். “ம்மா, சின்னப் பொய்தானேம்மா. பெரியப்பா கேட்டுக்கிட்டாரு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்? மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசலாம்லா” என்று வைத்துவிட்டாய். அப்புறம் நீ பேசமாட்டாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா பிடித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது, விரல் வலிக்கிறது, ஆனாலும் முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பேரும் ஊரும் உள்ள பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீயும் ஷாமினியும் ஃபோனில் ஒரு ஆப் வழியாகத்தான் பழகினீர்கள் என்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எனக்கு வருவது சிரிப்புதான். ரவாங்கில் அவள் வீட்டுக்கும் உன் வாடகை வீட்டுக்கும் நடந்தே போகலாம். இரண்டு பேரும் மூன்று வருடம் ஒரே ரயிலில் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறீர்கள். ஒரு நாளாவது தலையைத் தூக்கி எதிர் சீட்டைப் பார்த்தீர்களா? இல்லை. குனிந்து ஃபோனைப் பார்த்தீர்கள், ஃபோனுக்குள் அவள் இருந்தாள். சரி, எங்கே பார்த்தால் என்ன, பார்த்தாயே. அவளிடம் நீ முதல் முதலாகக் கேட்டது குழம்பு வைக்கத் தெரியுமா என்று அல்ல, ‘நீ ஏன் இவ்வளவு கோபமா போட்டோவுல நிக்கிற’ என்று கேட்டாயாம். அவளே என்னிடம் சொன்னாள். நல்ல கேள்வி. பெரியோர்கள் பேசி முடிக்கிற இடத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.

உன் பெரியப்பாவுக்குத்தான் இது ஆகவில்லை. “நம்ம குடும்பத்துல அத்தனையும் பார்த்து முடிச்ச கல்யாணம். ஆப்புல புடிச்ச பொண்ணுன்னு கல்யாண டேவான் மண்டபத்துல சொன்னா நாலு பேரு என்ன நெனப்பான்? அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு?” என்கிறார். அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருந்தவள். எங்கள் தோட்டத்தில் பதினொன்றாவது கதவு வீட்டுப் பெண், பால் நிறுக்கிற ஸ்டோரில் வாளியோடு வரிசையில் நின்றே ஒருவனைப் பிடித்தாள். தினமும் அவனுக்கு முன்னால் போய் நிற்பதற்காக மரம் சீவுகிற வெட்டை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடி வந்து, வேலை பார்க்கவைக்கிற மண்டோரிடம் திட்டு வாங்குவாள். மளிகைச் சாமான் வேன் ஓட்டி வந்தவனோடு ஒருத்தி போனாள். கல்யாணத்துக்கு முதல் நாள் ஊரே கூடி வெங்காயம் உரிக்குமே, அந்தப் பந்தலில் கண்ணைக் கசக்கிக்கொண்டே எத்தனை ஜோடி சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். வெங்காயத்தால் வந்த கண்ணீர் எது, மற்றது எது என்று எந்தத் தாயும் கண்டுபிடித்ததில்லை. பிறகு எல்லாவற்றையும் மூடி மெழுகி, மாமா பார்த்தார், சித்தப்பா பேசினார் என்று பத்திரிகை அடித்தார்கள்.

அது மட்டுமா? நீங்கள் ஆப்பில் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறீர்கள் என்று பெரியப்பா முகம் சுளிக்கிறார். எங்களையும் தள்ளித் தள்ளித்தான் பார்த்தார்கள். ஒரு கல்யாணம் நடந்தால் அந்த வீடியோ டேப் தோட்டம் தோட்டமாகப் போகும். எங்கள் தோட்டத்து டேப் செகிஞ்சான் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வரும். டெக் இருக்கிற வீட்டில் பத்துப் பேர் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பொண்ணு மாப்பிள்ளையையா பார்த்தார்கள்? பந்தலில் நிற்கிற குமரிகளைப் பார்த்தார்கள். “நிப்பாட்டு, நிப்பாட்டு. அந்தப் பச்சைத் தாவணி யாரு வீட்டுப் புள்ள? கொஞ்சம் பின்னால ஓட்டு.” இப்படித்தான் பெண் எடுத்தார்கள். என்னை இரண்டு வீட்டில் அப்படி நிறுத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு நான் கறுப்பு, இன்னொரு வீட்டுக்கு என் பல். உங்கள் ஆப்பில் வேண்டாம் என்று தள்ளினால் தள்ளப்பட்டவளுக்காவது தெரியாதாம். எங்களுக்கு மறுவாரமே காரணத்தோடு செய்தி வந்து சேரும்.

இப்போது தனத்தைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு அவள் உலு யாம் ஊர்த் தனம் ஆண்ட்டி. வரும்போதெல்லாம் டின் நிறைய முறுக்கு கொண்டுவந்து, எந்த விசேஷத்திலும் சமையல் கட்டைத் தாண்டி வராத ஆண்ட்டி. எனக்கு அவள் அடுத்த கதவு. ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே தொழிற்சாலை பஸ். எங்களுக்குள் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர.

தனத்துக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுபவர், பெயர் முனியாண்டி, வாட்டசாட்டமான நல்ல மனிதர். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பந்தல். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. நம் ஊரில் ஏழு மணிக்குத்தானே வெளுக்கும், அதனால் பந்தலில் இரண்டு குழல்விளக்கும் வீடியோக்காரரின் லைட்டும்தான் வெளிச்சம். தனத்தின் அப்பா ரவாங்கிலிருந்து வீடியோக்காரரை வரவழைத்திருந்தார். எங்கள் லயத்தில் அதுதான் முதல் வீடியோக் கல்யாணம். கேமரா பிடிப்பவர் ஒருவர், லைட் பிடிப்பவர் ஒருவர். லைட் பிடிப்பவர் எதைக் காட்டுகிறாரோ அதுதான் டேப்பில் விழும். அவர் கை அசந்தால் கேமராவுக்குக் கண் தெரியாது. அன்றைக்கு லைட் பிடித்தவர் உன் அப்பா.

நான் மணமேடைக்கு இடப்பக்கம் அட்சதைத் தட்டோடு நின்றேன். கெட்டி மேளம் என்று ஐயர் கை காட்டினார். எல்லோரும் அரிசியை அள்ளுகிறார்கள், நாதஸ்வரம் காதைப் பிளக்கிறது. அந்த நேரத்தில் என் முகத்தில் சட்டென்று சூடு. அந்தக் காலத்து வீடியோ லைட் அடுப்பு மாதிரி அனல் அடிக்கும். என் கையில் இருந்த தட்டு பளீரென்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். லைட்டுக்குப் பின்னால் ஒரு மெலிந்த ஆள், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, உலகத்தையே மறந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் முறைத்தேன். சிரித்தேன் என்று உன் அப்பா இன்றைக்கும் சாதிக்கிறார். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். கேமராக்காரர் “லைட்டு! லைட்டு! எங்கடா லைட்டு!” என்று கத்தினார். இவர் பதறிப்போய் லைட்டைத் திரும்ப மேடைக்குத் திருப்பினார். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

எல்லோரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். தனத்தின் அப்பா மேடையிலிருந்து இறங்கி வந்தார். இவர் வாயில் முதலில் வந்ததைச் சொன்னார். “பல்பு போய்ப் போய் வருதுங்க, மாமா. வயரு லூசு. அணைஞ்சிருச்சு.” நான் மூன்று அடி தள்ளி நிற்கிறேன். என் கன்னம் இன்னும் சுடுகிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன ஆகும்? லைட் ஏன் உன் பக்கம் வந்தது என்று கேட்பார்கள். என் அப்பா கேட்டால் கையால் கேட்கமாட்டார், கத்தியால் கேட்பார். நான் அரிசியைத் தூவிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தேன்.

டேப் வந்தது. தோட்டமே பார்த்தது. கெட்டி மேளம் கேட்கிறது, படம் கறுத்துப் போகிறது, “லைட்டு! லைட்டு!” என்ற சத்தம், திரும்ப வெளிச்சம் வரும்போது தனத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு தொங்குகிறது. அந்தக் கறுப்புக்குள் இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒன்று மின்னும். அது என் தட்டின் விளிம்பு. யாரும் கவனிக்கவில்லை. தனத்தின் மாமியார் மட்டும், “தாலி கட்டையில வெளக்கு அணையலாமா?” என்று மெதுவாகக் கேட்டாராம். அந்த வார்த்தையும் டேப்போடு சேர்ந்து தோட்டம் தோட்டமாகப் போய் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, சிம்பாங்கில், தோட்டத்து முச்சந்தியில், தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அந்த மெலிந்த ஆள். தொப்பியைக் கழற்றினார், இரண்டு முறை தொண்டையைச் செருமினார். “அன்னைக்கு பல்பு போகலைங்க” என்றார். உன் அப்பா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். “தெரியும்” என்றேன். அதுதான் நான் பேசியது. அதற்கு மேல் எங்களுக்குக் காதல் வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை. எட்டு மாதம் அவர் அந்தச் சிம்பாங்கில் வந்து நின்றார். மழை நாளில் லைட் பெட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு நிற்பார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டு தனத்துடையது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலையை விடவில்லை. “யாருடி அது, தெனமும் வழி தவறி வர்றாரு?” என்று கேட்பாள். “யாரோ” என்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பிறகு நடந்ததை உன் பெரியப்பா எல்லாக் கல்யாணத்திலும் மைக்கில் சொல்வார், உனக்கும் மனப்பாடம். எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு அவர் வந்தாராம், ஒரு பெண் மரியாதையாக மோர் கொடுத்தாளாம், அந்த ஒரு டம்ளர் மோரிலேயே இவள்தான் என் தம்பிக்கு என்று கண்டுபிடித்தாராம். அவரைத் திருவிழாவுக்கு அழைத்து வந்ததே உன் அப்பா. மோர்ப் பந்தலில் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்ததும் அவரே. பெரியப்பா மூன்று டம்ளர் குடித்தார். “யாருடா இந்தப் பொண்ணு?” என்று கேட்டதற்கு, “எந்தப் பொண்ணுண்ணே?” என்று கேட்டாரே உன் அப்பா, அந்த நடிப்புக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையை முன்னே பின்னே பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் அப்பா பெருமையாக மீசையைத் தடவினார். இப்படித்தான் நம் குடும்பத்தில் ‘பார்த்து முடித்த’ கல்யாணம் முடிந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று நாங்களும் அன்றைக்கு நினைத்தோம்.

தனத்துக்குக் கல்யாணமான ஐந்தாவது வருடம் முனியாண்டியின் லோரி கோலசிலாங்கூர் சடக்கில், நடுரோட்டில் கவிழ்ந்தது, அங்கேயே போய்விட்டார். விடிகாலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தாராம். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். உனக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. தனத்தின் வீட்டு வாசலில் என் காதால் கேட்டேன். ஒரு கிழவி சொன்னாள்: “அன்னைக்கே தெரிஞ்சு போச்சே. தாலி கட்டையிலயே வெளக்கு அணைஞ்சிருச்சே.” இன்னொருத்தி ஆமாம் என்றாள். அடுத்தவள் ஆமாம் என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசல் முழுக்க அதே பேச்சு. மனிதனைத் தூங்கவிடாமல் லோரி ஓட்டவைத்தவனைப் பற்றி யாரும் பேசவில்லை. தனத்தின் ராசியைப் பற்றிப் பேசினார்கள். விளக்கு அணையவில்லை, என் மூஞ்சியில்தான் இருந்தது என்று நான் கத்தியிருக்கவேண்டும். என் மாமியார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். துக்கம் தாங்காமல் வாயைப் பொத்துகிறேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நீயே பார்த்திருக்கிறாய், பார்க்கிறோம் என்று தெரியாமல். உன் காது குத்து அன்று தனம் வந்தாள். உன் பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தப் பொம்பளையக் கொஞ்சம் பின்னால இருக்கச் சொல்லு” என்றார். நான் போய்ச் சொல்லவேண்டிய வேலையே இருக்கவில்லை. அவள் ஏற்கெனவே பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “நான் இங்கயே இருக்கேன்டி, நீ போ, புள்ள அழுவுறான்” என்றாள். நான் போனேன். நீ என் மடியில் அழுதாய், எல்லோரும் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்த ஆல்பத்தில் தேடிப் பார், தனம் ஒரு படத்திலும் இல்லை. கணவன் போனதற்காக மட்டும் ஒதுக்கியிருந்தால் காலப்போக்கில் கொஞ்சம் விட்டிருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் புருஷனை இழந்த எத்தனையோ பேர் கொஞ்ச நாளில் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் அந்த அணைந்த விளக்கு முன்னாலேயே போய் நின்றது. அவள் மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தம்கூட, தாய்க்கு அப்படி ஆனதாமே என்று பின்வாங்கியது.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கதிர். பொய்யைச் சொன்னது உன் அப்பா, அதுவும் பயத்தில். நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். சும்மா இருப்பதற்கு இவ்வளவு விலை, அதையும் இன்னொருத்தி கட்டவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது நான் உனக்குச் சொல்லித்தருகிறேன். நீ மேடையில் அந்த அன்னதானக் கதையைச் சொல்ல விட்டாய் என்று வை. ஒரு நாள் உண்மை வெளியே வரும். உன் நண்பன் ஒருவன் சாப்பாட்டு மேசையிலேயே உளறுவான். அப்போது உன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆம்பிள்ளைப் பிள்ளை, விளையாட்டாக ஃபோனை நோண்டியிருப்பான் என்பார்கள். ஷாமினியைத்தான் கேட்பார்கள். மறைத்தார்கள் என்றால் மறைக்கிற மாதிரி ஏதோ இருந்தது என்பார்கள். ஆப்பில் எத்தனை பேரோடு பேசினாளோ என்பார்கள். உனக்குக் காய்ச்சல் வந்தாலும், பிள்ளை பிறக்கத் தாமதமானாலும், ஒரு குறை என்றால் அந்தக் கதையைத் தூசு தட்டி எடுத்து அவள் தலையில் வைப்பார்கள். வைக்கிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. வயதாக வயதாக நாக்கு யார் பேச்சையும் கேட்பதில்லை. அப்படி நான் ஏதாவது சொன்னால், அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும் என்னைத் திருத்து. என் மாமியார் பேச்சுக்கு உன் அப்பா சொன்ன மாதிரி பின்னால் வந்து, “விடு, அம்மா அப்படித்தான்” என்று சமாதானம் சொல்லாதே. அவர் நல்ல கணவர். ஆனால் முப்பது வருடமாக எனக்குக் கிடைத்த நியாயமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடைத்ததுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்க உலு யாமுக்குப் போனேன். உன் அப்பா வரவில்லை. “எதுக்கு இப்ப பழசக் கிண்டுற? அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும்” என்றார். உடையட்டும், ஒட்டிக்கொள்ளும், மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். தனம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பத்திரிகையைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, “எத்தனை மணிக்கு சமையல் ஆளுங்க வர்றாங்க? நான் முதல் நாளே வந்துர்றேன்” என்றாள். துணி வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு அணையவே இல்லை என்று சொன்னேன். அது என் முகத்தில் இருந்தது என்று சொன்னேன்.

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள். “எனக்குத் தெரியும்டி” என்றாள்.

அவள் திரும்பவும் வாளிக்குள் கையை விட்டாள். “மணவறையில தலையக் குனிஞ்சுகிட்டுதான இருந்தேன், கண்ண மூடிகிட்டா இருந்தேன்? அந்த லைட்டு அனலு ராவெல்லாம் தூங்காத மூஞ்சில எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. திடீர்னு எரிச்சல் நின்னுச்சு. எங்க போச்சுன்னு ஓரக்கண்ணால பார்த்தேன். உம் மூஞ்சி, உந்தட்டு, எல்லாம் தகதகன்னு இருந்துச்சு. அப்புறம் சிம்பாங்குல அந்த ஆளப் பார்த்தேன். யாரோன்னு சொன்ன பாரு, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.”

“அப்ப ஏன்டி சொல்லல?”

“சொன்னா உங்கப்பா உன்ன உசுரோட விட்டிருப்பாரா? எங் கல்யாண டேப்புக்காக உன்னப் பொதைக்கச் சொல்றியா?” இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது. “அவரு செத்தப்ப, வாசல்ல பேசுனாங்கல்ல. அப்ப நீ சொல்லுவேன்னு பார்த்தேன். உங்கப்பாவும் அப்ப இல்ல. உனக்குக் கல்யாணமும் ஆயிருச்சு, புள்ளையும் பொறந்துருச்சு. இனிமே என்ன பயம், சொல்லிருவான்னு பார்த்தேன். நீ வாயப் பொத்துன. சரி, கருமாதிக்குள்ள சொல்லுவான்னு பார்த்தேன். கதிரு காது குத்துல சொல்லுவான்னு பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தேங்காயத் துருவிக்கிட்டே காதக் குடுத்துகிட்டு இருந்தேன்டி.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். “அதெல்லாம் வேணாம்லா. வயசாயிருச்சு, அழுதா தலை வலிக்குது. ஒண்ணு மட்டும் கேக்குறேன். கதிரு கல்யாணத்துக்கு நான் சமையக்கட்டுக்கு வரமாட்டேன். அவன் தாலி கட்டையில மேடையில உம் பக்கத்துல நிக்கணும். அட்சதைத் தட்டு என் கையில இருக்கணும். எவளாச்சும் ஏன்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்.”

சரி என்றேன். யோசிக்கவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் எனக்கு டிஷ்யூ கொடுத்தாள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். தனத்துக்கு எல்லாம் தெரியும் என்றதும் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் காலை பசியாறிவிட்டு, அலமாரிக்கு மேலே இருந்து அந்த லைட் பெட்டியை இறக்கினார். அதற்குள் பல்பு ஒன்று பஞ்சில் சுற்றி இருந்தது. அன்றைக்கு ‘போன’ பல்பு. வீடியோக்காரர் நம்பவேண்டும் என்று பிறகு அதைக் கழற்றிப் புதிது மாட்டிவிட்டு, இதைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். இத்தனை வருடம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. “இதை தனத்துக்கிட்ட நானே குடுக்கணும்” என்றார். அண்ணன் மனசு பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஆகவே இதுதான் நடக்கப்போகிறது, கதிர். அன்றைக்குத் தனம் மேடையில் நிற்பாள். கேட்பவர்கள் கேட்பார்கள். நான் மைக்கை வாங்கி, எங்களை யாரும் பார்த்து முடிக்கவில்லை, ஒரு லைட் வழி தவறி வந்தது, அந்தப் பழியை இவள் சுமந்தாள் என்று சொல்வேன். உன் பெரியப்பா மைக்கைப் பிடுங்கினால் மைக் இல்லாமலேயே சொல்வேன். சின்ன வயதில் ரப்பர் பால் காட்டில் இந்த மர நிரையிலிருந்து அந்த நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது. அந்த டேவான் எனக்குச் சின்னது. மோர்க் கதையை அவர் இனிமேல் சொல்லமுடியாது. அதற்காக வருத்தப்படுகிறேன், நல்ல மனிதர், நன்றாகச் சொல்வார். அவரை நான் தனியாகப் பார்த்துப் பேசிக்கொள்கிறேன், அதை என்னிடம் விடு.

ஆனால் அதே மேடையில், நான் பேசிய பத்தாவது நிமிடத்தில், நீயும் ஷாமினியும் அன்னதானத்தில் பார்த்துக்கொண்டீர்கள் என்று யாரோ வாசித்தால் நான் என்ன செய்வேன்? ஒரு பொய்யின் பாரத்தை இறக்கிவைக்க வந்தவளை இன்னொரு பொய்க்குப் பக்கத்தில் தட்டோடு நிறுத்த என்னால் முடியாது. ஷாமினியிடம் கேள். நான் நேற்றே அவளைக் கேட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. “ஆண்ட்டி, எனக்கு ஆரம்பத்திலேர்ந்தே அந்த டெம்பிள் ஸ்டோரி பிடிக்கல. கதிர்தான் பெரியப்பாவுக்கு பயப்படுறாரு” என்றாள். போட்டோவில் ஏன் கோபமாக நிற்கிறாள் என்று எனக்கு இப்போது புரிகிறது. அவளை விட்டுவிடாதே.

வெள்ளிக்கிழமை காலை உன் அப்பா உலு யாமுக்குக் கார் எடுத்துக்கொண்டு போகிறார், தனத்தை அழைத்து வர. அவளுக்கு மயில் கழுத்து நிறத்தில் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அட்சதைத் தட்டும் எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டேன். அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் அந்த ஒரு வரியை மாற்றி எனக்கு அனுப்பு. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் நடந்ததை நடந்தபடி எழுது. அவளிடம் நீ முதலில் கேட்ட அந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள், எல்லோரும் சிரிக்கட்டும். நீ தாலி கட்டும்போது யார் எங்கே பார்க்கிறார்களோ பார்க்கட்டும். நான் தனத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா